தோரணமா, தொன்மையா?

நகரைப் புதுப்பித்தல் என்பது தெருவுக்கு வண்ணம் பூசுதல் அன்று. அங்கு வாழ்ந்து உழைத்த மக்களின் நினைவுக்கு நிலையான இடமளித்தலே ஆகும். இவ்வுண்மை மறக்கப்படின் யாது விளையும் என்பதற்குக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் தக்க சான்று.

செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற அவ்வூர், இரயில்வேப் பணிக்கு வந்த தமிழகத் தமிழராலும் இலங்கைத் தமிழராலும் வளர்ந்தது. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் அது 'லிட்டில் இந்தியா' எனத் திறந்து வைக்கப்பெற்றது. வளைவுகளும் நீரூற்றும் எழுந்தன. 2015ஆம் ஆண்டு நவம்பரில், சாஞ்சித் தூபியின் வாயிலை ஒத்த தோரண வாயிலொன்று இந்திய நாட்டின் அன்பளிப்பாகத் திறக்கப்பெற்றது. ஆனால், அரசு ஊழியரும் இரயில்வேத் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த 'நூறு வீடுகள்' ஏறக்குறைய அதே காலத்தில் இடித்துத் தள்ளப்பட்டன. மத்தியப் பிரதேசத்துத் தொன்மை இங்கே படியெடுத்து நிறுத்தப்பட, இம்மண்ணில் விளைந்த தொன்மை மண்ணோடு மண்ணாயிற்று!

வளைவுகளால் வணிகம் வளரவில்லையா எனச் சிலர் வினவுவர். வணிகம் வளர்தல் நன்றே. ஆயினும், குடியிருந்தோர் அகன்று கடைகள் மட்டுமே எஞ்சிய இடம் சந்தையாகலாம், ஊராகாது.

மரபைக் காத்தல் இயலாததொன்றன்று. 1904இல் எழுந்த விவேகானந்தர் ஆசிரமத்தின் வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளிப்பட்டபோது, பொதுமக்கள் திரண்டு எதிர்த்தனர். பின்னர் அக்கட்டடம், 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புப் பெற்றது. காலத்தே எழுந்த குரலே அதனைக் காத்தது.

பூச்சோங்கின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. அங்கே இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் மறைந்தன. கின்ராரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. ஆதலின், அங்கு மரபைக் காக்கும் கடமை முதற்கண் தமிழாசிரியரையும் மாணவரையுமே சாரும். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, பால்மரம் சீவிய பாட்டியின் வாய்மொழி, லயத்து வாசலில் எடுத்த நிழற்படம் ஆகிய அனைத்தும் தேடித் தொகுக்கப்பட வேண்டியவை. அரசு முன்வரட்டும் எனக் காத்திருப்பின், சொல்வதற்குரிய முதியோர் மறைந்துவிடுவர். சான்று இல்லாதார் உரிமை கோரினால் செவிசாய்ப்பார் யார்?

தோரணத்தை எந்நாளும் கட்டலாம். இழந்த தொன்மையை எவராலும் கட்ட இயலாது.