மலையேற ஏற்ற மாதம்



பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற குளிர்நாட்டு மலையூர்களில், கோடை வந்ததும் சறுக்குச் சரிவுகளே நடைவழிகளாகி விடுகின்றன. மலை எப்போது மனிதருக்கு வழிவிடும் என்பதை அவ்வூரார் அறிந்து வைத்திருக்கின்றனர். நம் ஜொகூரில் பனியும் இல்லை, கோடையும் இல்லை. ஆயினும் நம் மலைகளுக்கும் பருவம் உண்டு. அதனை வகுப்பது மழை. நாமோ பள்ளி நாள்காட்டியைப் பார்த்தே மலைக்குப் புறப்படுகிறோம்.

2026 முதல் கல்வியாண்டு மீண்டும் சனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறை மறுபடியும் ஆண்டிறுதிக்கே வந்துவிட்டது. அதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலம். 2001 டிசம்பர் 27-ஆம் நாள் 'வாமெய்' புயல் ஜொகூரில் கரையேறியது. அம்மழையில் குனோங் பூலாயில் மண் சரிந்து ஐவர் மாண்டனர். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியது. உலு திராமிலிருந்து நாம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நீர்வீழ்ச்சி அவ்வூரை அடுத்த குனோங் முந்தாஹாக் அடிவாரத்தில்தான் உள்ளது.

அங்கே வானம் தெளிவாக இருக்கலாம். ஆனால் மேலே, கண்ணுக்கெட்டாத தொலைவில் மழை பெய்தால் 'கெப்பாலா ஆயர்' எனப்படும் திடீர்ப் பெருக்கு சில நிமிடங்களில் இறங்கிவிடும். நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் அதற்கு முன்னறிகுறிகள். நீச்சல் உடை வாங்கித் தரும் பெற்றோர், இம்மூன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களா?

இதற்காக மலையே வேண்டாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. அருவி, சுனை, சாரல், பாறை என்று கரும்பலகையில் எழுதுகிறோம். செம்பனைத் தோட்டத்தையும் வீடமைப்புப் பகுதியையுமே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அவை வெறும் எழுத்துக்கூட்டல் சொற்கள். (சாரலுக்கு மழைத்தூறல் என்றே பொருள் எழுதுவர், மலைச்சரிவு என்ற பொருள் மலையில் நின்றால்தான் விளங்கும்.)

ஆகவே, மே-சூன் மாத இடைவிடுமுறையைத் தேர்ந்தெடுப்போம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அக்காலத்தில் மழை ஒப்பளவில் குறைவு. எனினும் பிற்பகலில் இடிமழை வரலாம். விடிந்ததும் ஏறி நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். முதல் ஏற்றத்திற்குக் குளுவாங்கின் குனோங் லம்பாக் போதும், 510 மீட்டர்தான். 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் ஏறட்டும். வனத்துறையின் அனுமதியையும் வழிகாட்டியையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் கூடும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலேயே நாளைக் குறித்துவிட்டால், மே மாதத்திற்குள் எல்லாம் கைகூடும்.