பள்ளிக்கும் பூட்டு, பிள்ளைக்கும் பூட்டு!



மே மாதம் பிறந்தால் இந்த நகரத்தில் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. ஒன்று மாநகராட்சிப் பள்ளியின் இரும்புக் கதவில். மற்றொன்று நம் வீட்டுக் கதவில். பள்ளிக்குள்ளே அறை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, பிள்ளை இல்லை. வீட்டுக்குள்ளே பிள்ளை இருக்கிறது, மற்றவை இல்லை. சூன் நடுவில் பள்ளி திறக்கும் வரை, ஆறு வாரம் இதே நிலை. இதற்குப் பெயர் கோடை விடுமுறை!

சென்ற கோடையில் தாராவியில் எங்கள் சந்தில் கண்டதைச் சொல்கிறேன். நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் ஒரு தாய், காலை ஏழு மணிக்குத் தன் இரு பிள்ளைகளையும் உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போனார். மூத்தவளுக்கு வயது ஒன்பது, இளையவனுக்கு ஆறு. மேலே தகரக் கூரை. பத்து மணிக்கே அது அடுப்பின் மேல் வைத்த தோசைக்கல். இருவரும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் ஒரு மணிக்கு அந்தத் தாய் ஓட்டமும் நடையுமாக வந்து பூட்டைத் திறந்தபோது, "ஏம்மா, இப்படிப் பூட்டிவிட்டுப் போகலாமா? தீப்பிடித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, திறந்து விட்டுட்டுப் போனா ரோட்டுக்கு ஓடுதுவ. போன வருசம் இவன் காடிப் பக்கம் போயிட்டான். பூட்டுனா தீ, திறந்தா தண்ணி. நான் எதைத்தான் பாக்க?" என்றார் அவர்.

கேட்ட நான்தான் தலை குனிந்தேன். அந்தத் தாயை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வியா அது? இரண்டு தெரு தள்ளி, மூன்று மாடிப் பள்ளிக் கட்டடத்தைப் பூட்டி வைத்திருப்பவர்களை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி! பத்தடி தூரத்தில் குடியிருந்தும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நிழல் ஏற்பாடு செய்யாத என்னையும், நம் சங்கத்தையும் நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி!

"நாங்கள் எந்த விடுமுறை முகாமுக்குப் போனோம்? நாங்கள் வளரவில்லையா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். ஐயா, நீங்கள் போனீர்கள். உங்கள் முகாமுக்குப் பெயர்ப் பலகை இல்லை, அவ்வளவுதான். நெல்லைச் சீமையில் உங்களுக்குக் குளம் இருந்தது, நீச்சல் கற்றுக்கொண்டீர்கள். பனை இருந்தது, நுங்கு சீவிக் கொடுக்கச் சித்தப்பா இருந்தார். புளிய மரத்தடி இருந்தது. கிட்டிப்புள்ளும் சடுகுடுவும் ஆடினீர்கள். திண்ணை இருந்தது, கதை சொல்ல ஆச்சி இருந்தார். கண்காணிக்க ஊரே இருந்தது. இவை அனைத்தையும் ஊர் உங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பிழைப்புத் தேடி வந்த இந்த நகரத்திலோ குளம் இல்லை, மரத்தடி இல்லை, திண்ணை இல்லை, ஆச்சி ஊரில் இருக்கிறார். ஊர் கொடுத்ததை நகரம் கொடுக்க வேண்டும். நகரம் தானாகக் கொடுக்காது; கேட்டு வாங்க வேண்டும்.

"விடுமுறைக்கு ஊருக்குப் போகலாமே?" என்பார்கள் வேறு சிலர். போகிறவர்கள் போகட்டும். நான்கு பேருக்கு இரயில் கட்டணம், போக வர நாள்கள், அத்தனை நாள் கூலி இழப்பு. முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல். ஊரில் வீடே இல்லாமல் போனவர்கள் எத்தனை குடும்பம்! நாட்கூலிக்காரனின் பிள்ளைக்கு விடுமுறை இங்கேதான், இந்தச் சந்தில்தான்.

ஏழைப் பிள்ளையின் விடுமுறையை நம் சட்டம் நினைக்கவே இல்லையா என்றால், ஒரே ஓர் இடத்தில் நினைத்திருக்கிறது. எங்கே தெரியுமா? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில்! 1986-இல் வந்த அந்தச் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று ஒரு கையால் எழுதினார்கள். ஆபத்தான தொழில் அல்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறை நாள்களிலும் பிள்ளை உதவலாம் என்று மறு கையால் எழுதினார்கள். பணக்காரன் பிள்ளைக்கு விடுமுறை என்றால் நீச்சல், ஓவியம், குதிரையேற்றம். நம் பிள்ளைக்கு விடுமுறை என்றால் வேலை செய்ய அனுமதிக்கப்பட்ட பருவம்! இந்த ஓட்டையின் வழியாகத்தான் மே மாதத்தில் நம் பையன்கள் சரிகைத் தட்டறியின் முன்னும், பெண் பிள்ளைகள் மணி கோக்கும் தட்டின் முன்னும் உட்கார வைக்கப்படுகிறார்கள். சூனில் திரும்பாதவர்களும் உண்டு. கையில் காசு பார்த்த பையன் எட்டாம் வகுப்பை எட்டிப் பார்ப்பானா?

விளையாட்டை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. பள்ளி ஒவ்வொன்றுக்கும் விளையாட்டுத் திடலும் நூலகமும் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. இரண்டும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி நாளில் மதியச் சோறு உண்டு, விடுமுறையில் இல்லை. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. விடுமுறையிலும் வயிறு உண்டு என்பதை நாட்டின் உயர்ந்த மன்றமே ஒப்புக்கொண்டது அல்லவா? வானம் பொய்த்தால்தான் வறட்சியா? வேலை பொய்த்த வீட்டில் இருப்பதற்கு என்ன பெயர்? காமராசர் பள்ளியில் உலை வைத்த நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். இதை நாம் கேட்காமல் யார் கேட்பது?

பணம் இல்லை என்று மாநகராட்சி சொல்ல முடியாது. 2025-26 ஆம் ஆண்டுக்கு அது போட்ட வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். ஆனால் கோடைச் சலுகை எந்தப் பக்கம் வீசுகிறது பாருங்கள். பைகுல்லா உயிரியல் பூங்காவில் பெரியவருக்கு 5 ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணம் 2017-இல் 50 ரூபாய் ஆனது. பெஸ்ட் பேருந்தின் குறைந்த கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாய் ஆனது எந்த மாதம்? 2025 மே மாதம்! பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும் மாதம் பார்த்து ஏற்றினார்கள்.

இடமும் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்த இடம் எங்கே போனது? ஆலைகள் மூடிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு என்று 1991-இல் விதி வகுத்தார்கள். 2001-இல் அந்த விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத வெற்றிடத்தில் மட்டுமே பங்கு என்று சுருக்கினார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. திடல் வர வேண்டிய இடத்தில் பேரங்காடி வந்தது. அன்று நாம் விழித்திருக்கவில்லை. இன்று தாராவி மறுகட்டுமானம் நடக்கிறது. வீடு 350 சதுர அடி என்கிறார்கள். தகுதி உண்டா, எந்த ஆண்டு ஆவணம் என்று அலைகிறோம். அலைய வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகளின் ஆட்டிடம் எத்தனை அடி, எந்த இடத்தில், யார் கையில் சாவி என்று ஒரு கூட்டத்திலாவது கேட்டோமா? வரைபடத்தில் இல்லாத திடல் நிலத்தில் வராது.

மாநகராட்சியை மட்டும் சாடிவிட்டு நம் முதுகைத் தட்டிக்கொள்ள நான் வரவில்லை. நம் சங்கங்கள் என்ன செய்தன? ஆண்டு விழாவுக்கு மேடை உண்டு, ஒலிபெருக்கி உண்டு, ஊரிலிருந்து வரும் பேச்சாளருக்கு மாலையும் பொன்னாடையும் உண்டு. தமிழ் வாழ்க என்று தொண்டை கிழிய முழங்குகிறோம். நம் பிள்ளை மராத்தி பேசும், இந்தி பேசும், ஆங்கிலத்தில் எழுதும். தமிழில் ஒரு கதைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்காது. கற்றுக் கொடுக்க ஆறு வாரம் கையில் கிடைக்கிறது. அந்த ஆறு வாரமும் சங்கத்து அறையில் சீட்டாட்டம் நடக்கிறது. அறையைத் திறந்து பிள்ளைகளை உட்கார வைக்க என்ன தடை?

செலவா? கணக்குப் போடுவோம். ஒரு தெருவுக்கு 40 பிள்ளைகள். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். மொத்தம் 30 நாள். காலை எட்டு முதல் பகல் ஒரு மணி வரை. பிள்ளைக்கு 40 கிராம் கடலை என்றால் நாளுக்கு 1,600 கிராம். கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 160, முப்பது நாளுக்கு 4,800. தாளிக்க, எரிவாயுவுக்கு 1,200. ஐம்பது ரூபாய் விலையில் 60 கதைப் புத்தகம் 3,000. மலிவு விலையில் நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் மராத்தியிலும் போட்டிருக்கிறது. பந்து, கயிறு, சுண்ணக்கட்டி, வரைதாள் 1,500. குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி 1,500. ஆக மொத்தம் 12,000 ரூபாய். பிள்ளை ஒன்றுக்கு 300. நாளொன்றுக்கு 10 ரூபாய். ஒரு வடாபாவ் விலை கூட இல்லை!

ஆட்டத்துக்குக் காசு தேவையில்லை. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும். ஆடுபுலி ஆட்டத்துக்கும் தாயத்துக்கும் தரையில் சுண்ணக்கட்டிக் கோடு போதும். இவை வெறும் பொழுதுபோக்கல்ல. எண்ணக் கற்றுக்கொடுக்கும், தோற்கக் கற்றுக்கொடுக்கும். ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் கதை சொல்லட்டும். கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் வாரம் ஒரு நாள் வரட்டும். தமிழ்நாட்டில் 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, அந்தந்தத் தெருவின் இளைஞர்களும் பெண்களும்தானே முன்வந்து மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்? அதே மண்ணின் மக்கள்தாமே நாமும்?

வாரம் ஒரு நாள் வெளியே கூட்டிப் போவோம். தாராவியிலேயே காலா கில்லா இருக்கிறது. 1737 என்று ஆண்டு பொறித்த கல் அங்கே உண்டு. பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டுமே அதை அறிந்த பிள்ளைகள் எத்தனை பேர்! சயான் நிலையத்துக்கு அருகில் குன்றின் மேல் கோட்டை. ஏறிப் பார்க்கக் காசு வேண்டாம். மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கர் மகாராட்டிர இயற்கைப் பூங்கா. குப்பை மேடாகக் கிடந்த இடம் அது, காடாகி 1994-இல் திறக்கப்பட்டது. குப்பை மேடு காடாகும் என்பதைத் தாராவிப் பிள்ளை கண்ணால் காண்பதைவிடப் பெரிய பாடம் உண்டா? தாதரில் சிவாஜி பூங்கா இருக்கிறது. வொர்லியில் 1985 முதல் நேரு அறிவியல் மையம் இருக்கிறது. எந்தப் பயணத்திலும் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், இரு பெண்களாவது உடன். பெயர்ப் பதிவேடு கையில். தண்ணீர்ப் பக்கம் மட்டும் வேண்டாம்.

இது நாமே செய்யக்கூடியது. ஆனால் நாமே செய்வதோடு நின்றுவிட்டால், மாநகராட்சி நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும். ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. தமிழ், மராத்தி, உருது, இந்தி என்று எந்த மொழிப் பள்ளியானாலும், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மாநகராட்சிப் பள்ளியைக் கோடை முழுவதும் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை பிள்ளைகளுக்குத் திறந்து வைக்க வேண்டும். ஒரு வாரம் முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதை நாம் கேட்கவில்லை.

2. அங்கே விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும்.

3. பொறுப்பாளராக வரும் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும். ஆசிரியர்களின் விடுமுறையில் கை வைக்கக் கூடாது.

4. தாராவி மறுகட்டுமான வரைபடத்தில் பிள்ளைகளின் திடலைப் பகுதிவாரியாகக் குறித்து மக்கள் முன் வைக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கை தமிழனுக்கு மட்டுமல்ல. பூட்டிய அறைக்குள் உத்தரப் பிரதேசத்துப் பிள்ளையும் இருக்கிறது, கொங்கணத்துப் பிள்ளையும் இருக்கிறது. அவர்களின் தந்தையரோடு சேர்ந்து கையெழுத்து வாங்குவோம். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்த பின், 2026 சனவரியில் தேர்தல் நடக்கும் வரை கேட்க ஆளே இல்லை. இன்று உறுப்பினர் இருக்கிறார். வாக்குக் கேட்டு நம் சந்துக்குள் குனிந்து வந்தவர்தான். சந்து அவருக்குத் தெரியும்.

தோழர்களே! அடுத்த கோடைக்கு முன் ஜி-வடக்கு வார்டு அலுவலகத்தின் முன் நிற்போம். பிள்ளைகளையும் அழைத்துப் போவோம். பள்ளியின் சாவியைக் கேட்போம். அந்தப் பூட்டு திறந்தால்தான் நம் வீட்டுப் பூட்டும் திறக்கும்.