ஸ்கேனுக்கு முன்னால் இரு கைகள்



சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. இரத்த அழுத்தம் பார்த்தபோது இடக்கையில் கருவி ஒன்றும் காட்டவில்லை. கருவி பழுது என்று சொல்லி, வலக்கையில் மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். பழுது கருவியில் இல்லை. அந்தக் கையில் நாடித்துடிப்பே இல்லை என்பது ஓராண்டு கழித்துத்தான் தெரிய வந்தது.

நோயின் பெயர் டக்கயாசு தமனி அழற்சி. ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கிட்டோ டக்கயாசு 1908-இல் முதலில் விவரித்தது. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். பெருந்தமனி, அதன் கிளைகள் ஆகியவற்றின் சுவர் தடித்துக் குழாய் குறுகிவிடும்.

நம் அனந்தனார் கால்வாயை எண்ணிப் பாருங்கள். எந்த இடத்தில் அகலம் குறைந்திருக்கிறது என்று வரைபடம் காட்டும். கரை இன்னும் சரிகிறதா, என்றோ சரிந்து இறுகிவிட்டதா என்று காட்டாது. சி.டி. ஸ்கேனும் ஏறக்குறைய அப்படித்தான். குறுகலைத் துல்லியமாகக் காட்டும். அது பழைய தழும்பா, இன்றைய அழற்சியா என்று உறுதியாகச் சொல்லாது. மருந்து கொடுப்பதோ அதைப் பொறுத்தது.

இங்கேதான் பெட் ஸ்கேன் வருகிறது. ஃப்ளூரின்-18 இணைத்த சர்க்கரை போன்ற பொருளை ஊசியில் செலுத்துகிறார்கள். அழற்சி உள்ள இடத்துச் செல்கள் அதை அதிகம் உறிஞ்சும். ஃப்ளூரின் உமிழும் பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானோடு மோதி அழிய, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாயும். இருபுறமும் ஒருசேரப் பிடித்தால் அவை புறப்பட்ட கோடு கிடைக்கும். ஆனால் படம் மங்கல். 4, 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கம் அதில் தெரியாது. தமனிச் சுவரோ அதைவிட மெல்லியது. எந்தச் சுவர் ஒளிர்கிறது என்று சி.டி. படத்தின் மேல் பொருத்தித்தான் அறியவேண்டும்.

ஆகவே ஸ்கேன் கூடக்கூட நல்லது என்பார்க்கு நான் உடன்படேன். ஒவ்வொரு படமும் வேறு கேள்விக்கு விடை தரவேண்டும். இல்லையேல் கூடுவது செலவும் கதிர்வீச்சுமே. ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுளும் 110 நிமிடந்தான். நான்கு மணி நேரம் வண்டியில் வந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட இந்திய மருத்துவர்கள் இந்நோயின் வேகத்தை அளக்க ஒரு மதிப்பெண் முறையை வகுத்து 2013-இல் வெளியிட்டார்கள். அதில் ஸ்கேனுக்கு மதிப்பெண் இல்லை. நாடி இழப்பு, இரத்த அழுத்தம், ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் இரைச்சல் போன்றவற்றுக்கே மதிப்பெண்.

அந்த மாணவிக்குப் பெட் படத்தில் சுவர் ஒளிர்ந்தது. மருந்து தொடங்கினார்கள்; பட்டப்படிப்பையும் முடித்துவிட்டாள். உங்கள் பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது, "இரண்டு கையிலும் பாருங்கள், டாக்டர்" என்று கேளுங்கள்.