முட்டை குடிக்கும் கோழியைக் குழம்பு வைத்துவிட வேண்டியதுதானா?

அரூர் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஏழு நாட்டுப் பெட்டைகள், ஒரு சேவல். அதில், ‘செவலை’ என்று மகள் பெயர் வைத்து வளர்க்கும் பெட்டை, மூன்று வாரமாக முட்டையைக் கொத்திக் குடிக்கிறது. இன்னொன்று பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் போய் முட்டையிடுகிறது. ‘உங்க கோழி எங்க போரைக் கலைக்குது’ என்று அங்கிருந்து தினமும் சத்தம். மற்றவை சேர்ந்து மிளகாய் நாற்றங்காலைச் சீய்த்துப் போட்டுவிட்டன. முட்டை விற்ற காசில்தான் மகளின் டியூஷன் பணம் போகிறது. ‘முட்டை ருசி கண்ட கோழி திருந்தாது. ஞாயிற்றுக்கிழமை அடிச்சுக் குழம்பு வெச்சிடலாம்’ என்கிறார் மாமியார். அதைக் கேட்டதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. செவலையைத் திருத்த வழி இருக்கிறதா?

வழி இருக்கிறது. மூன்று வாரப் பழக்கம்தான் என்பதால், நம்பிக்கையோடு முயன்று பார்க்கலாம். மாதக்கணக்கில் ஊறிப்போன பழக்கமாக இருந்தால், மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு.

திருடன் யார்?

முதலில் குற்றவாளி செவலைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பாம்பு முட்டையை முழுசாக விழுங்கிவிடும். கூட்டில் ஓடுகூட இருக்காது. காகம் தூக்கிக்கொண்டு போகும். எலியும் கீரியும் உடைத்துத் தின்றால் ஓட்டுச் சில்லுகள் அக்கம்பக்கத்தில் கிடக்கும். கோழியே குடித்தால், கூட்டுக்குள் வைக்கோல் ஈரமாகப் பிசுபிசுப்போடு இருக்கும். அலகிலும் கழுத்து இறகிலும் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கும்.

அலகில் மஞ்சள் ஒட்டியிருப்பதை மட்டும் வைத்தும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. உடைப்பது ஒன்று, பந்திக்கு வருவது நாலு என்பதுதான் கோழிகளின் வழக்கம். செவலையை மூன்று நாள் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, தீனியும் தண்ணீரும் கொடுத்துப் பார்க்கலாம். மற்ற முட்டைகள் தப்பித்தால், அதுதான். அப்போதும் முட்டை உடைந்தால், வேறு ஒன்று.

பழக்கம் தொடங்கும் இடம்

எந்தக் கோழியும் நல்ல முட்டையை உடைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பிப்பதில்லை. ஓடு மெலிந்த முட்டை தானாக உடையும். அல்லது ஒரே கூடையில் இரண்டு பெட்டைகள் இடித்துக்கொண்டு ஏறும்போது மிதிபட்டு உடையும். உடைந்ததை ஒரு கோழி ருசி பார்க்கும். மறுநாள் அதுவே உடைக்கக் கற்றுக்கொள்ளும்.

முட்டை ஓட்டில் 90 சதவிகிதத்துக்கு மேல் இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. வெறும் கம்பும் அரிசி நொய்யும் தின்னும் கோழிக்கு அது போதுமான அளவு கிடைக்காது. வெயில் காலத்தில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது ஓடு இன்னும் மெலியும். தண்ணீர் தீர்ந்துபோன மதிய நேரத்தில், தாகத்துக்கு முட்டையைக் கொத்துவதும் உண்டு.

செய்ய வேண்டியவை

கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். தேவைப்படும் கோழி தானே வந்து தின்னும். வீட்டு முட்டை ஓட்டையும் கொடுக்கலாம். ஆனால், வறுத்து, ஓடு என்று அடையாளமே தெரியாதபடி நுணுக்கித்தான் கொடுக்க வேண்டும். அப்படியே வீசினால், திருட்டுக்கு நாமே பாடம் நடத்தியதாகிவிடும். கூடவே முருங்கைக்கீரை, கரையான் போன்றவையும், நாள் முழுக்க நிழலில் தண்ணீரும் இருக்க வேண்டும்.

நாலைந்து பெட்டைக்கு ஒரு கூடு வேண்டும். ஏழு பெட்டைக்கு இரண்டு கூடு. ஒவ்வொன்றும் ஓர் அடி நீள, அகல, உயரத்தில் இருந்தால் போதும். தரையில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, முன்பக்கம் பழைய சாக்கைத் தொங்கவிட வேண்டும். கூடு இருட்டாக இருந்தால், கோழிக்கு முட்டை கண்ணில் படாது. பெரும்பாலான பெட்டைகள் காலையிலேயே முட்டையிட்டுவிடும் என்பதால், ஒன்பது மணிக்கு ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் முட்டையை எடுத்துவிட வேண்டும். கூட்டில் முட்டை அளவுள்ள வெள்ளைக் கூழாங்கல் இரண்டைப் போட்டுவைக்கலாம். கொத்திக் கொத்திப் பார்த்து, உடையாது என்று கோழியே அலுத்துவிடும்.

மிளகாய்த்தூளை முட்டைக்குள் அடைத்து வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனால் பலன் இல்லை. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது. கிளி மிளகாய்ப் பழத்தை ஆசையாகத் தின்பது அதனால்தான். அலகில் சூடு போடுவது அதைவிட மோசம். கோழி தீனி எடுக்க முடியாமல் இளைத்துப்போகும்.

மூன்று வாரம் இப்படிச் செய்தும் நிற்காவிட்டால், செவலையைத் தனிக் கூண்டில் விடலாம். அடித்தட்டைச் சற்றுச் சாய்வாக அமைத்தால், இட்ட முட்டை உருண்டு வெளியே வந்துவிடும். அதுவும் கைகொடுக்காவிட்டால் மட்டும் மாமியாரின் யோசனைக்கு வரலாம். ஒன்றை மறக்கக் கூடாது: முட்டை குடித்த கோழியை அடைக்கு உட்கார வைக்கக் கூடாது.

வைக்கோல் போர் வழக்கு

கோழியின் மூதாதை காட்டுக்கோழி. மறைவான இடத்தில் தரையில் முட்டையிட்டு, போதுமான அளவு சேர்ந்ததும் அடைக்கு உட்காரும். அந்தப் புத்தி வீட்டுக் கோழியிடம் இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டு வைக்கோல் போர் நம் கூட்டைவிட மறைவாக இருப்பதுதான் பிரச்னை.

ஒரு வாரம், பத்து நாள் வரை காலை பதினொரு மணிவரை பெட்டைகளைத் திறந்துவிடாமல், புதுக் கூடுகள் உள்ள இடத்திலேயே அடைத்து வைத்தால் பழகிக்கொள்ளும். கூட்டில் கிடக்கும் கூழாங்கல், ‘இங்கே முட்டையிடலாம்’ என்று அதற்குச் சொல்லும். போரில் ஏற்கெனவே கிடக்கும் முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். மிதப்பவை பழசு, விற்கக் கூடாது. மூழ்கிப் படுப்பவை புதுசு. அதில் நாலைப் பக்கத்து வீட்டுக்கே கொடுத்தால் சத்தமும் அடங்கும்.

நாற்றங்காலைச் சீய்ப்பது

தட்டு நிறையத் தீனி இருந்தாலும் கோழி மண்ணைச் சீய்க்கும். பசியால் அல்ல, அது பிறவிக்குணம். அதைத் தடுக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். நாற்றங்காலைச் சுற்றி மூன்றடி உயரத்துக்கு வலையோ, கருவேல முள்ளோ கட்டிவிட்டு, கோழிகளைச் சாணக் குழிப் பக்கமும் மாட்டுக் கொட்டகைப் பக்கமும் விரட்டிப் பழக்கலாம். அங்கே சீய்த்தால் ஈப்புழுவும் உண்ணியும் குறையும்.

பாத்தியில் படுத்துப் புரள்வது வேறு விஷயம். செல், பேன் அரிப்புக்குக் கோழி புழுதியில்தான் குளிக்கும். கொட்டகை ஓரம் நிழலில் ஒரு பள்ளம் தோண்டி, மணலும் விறகுச் சாம்பலும் கலந்து கொட்டினால், பாத்தியை விட்டுவிட்டு அங்கே போய்விடும்.

சேட்டை நின்றுபோனால்

சேட்டை செய்யும் கோழி தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். நேற்றுவரை அடுப்படிக்குள் புகுந்த கோழி, இன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறது, கழிச்சல் வெள்ளையாகவோ பச்சையாகவோ போகிறது என்றால், அதை உடனே பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெள்ளைக்கழிச்சலாக இருந்தால் ஒரு வாரத்தில் கூடே காலியாகிவிடும். வந்தபின் மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். அதற்குப் பிறகு எப்போது போடுவது என்பதைப் பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

செவலைக்கு மூன்று வாரத் தவணை கொடுத்துப் பார்க்கலாம். கிளிஞ்சல் வைப்பதையும், இரு வேளை முட்டை எடுப்பதையும் மகளின் பொறுப்பிலேயே விடலாம். தினமும் எத்தனை முட்டை கிடைத்தது, எத்தனை உடைந்தது என்று அவள் நோட்டில் எழுதிவரட்டும். மூன்று வாரம் கழித்து, மாமியாரும் அந்தக் கணக்கைப் பார்த்தே முடிவு சொல்லலாம்.