குளவி கொட்டியதற்கு யார் பொறுப்பு?



போன தவணையில் ஒரு நாள், பாடசாலை விட்ட பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளையொன்று ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தது. "டீச்சர், அம்மாவுக்கு வந்திச்சு. என்னா எழுதியிருக்குனு கேட்டுட்டு வரச் சொன்னாங்க." கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மூன்றே வரி. குளவி கொட்டியது இயற்கையாக நடந்த சம்பவம், அதில் நிர்வாகத்தின் தவறு எதுவும் இல்லை, ஆகவே நட்டஈடு கொடுக்க இடமில்லை.

அந்த அக்கா கொழுந்து மலையில் நின்றபோது குளவிக்கூடு கலைந்தது. எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இவர் ஓடும்போது கானுக்குள் விழுந்தார். விஷம் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. முறிந்த கால்தான் சரியாகக் கூடவில்லை. பல மாதங்கள் ஆஸ்பத்திரிக்கும் கிளினிக்குக்கும் அலைந்தார்கள். இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு லயத்து வாசல்வரை வருகிறார். பீலிக்குத் தண்ணீருக்குப் போவதே பெரிய பாடு. இனி மலை ஏற முடியாது.

கடிதத்தை வாசித்துச் சொன்னதும் அவர் சொன்ன வார்த்தை இதுதான்: "சரிதானே டீச்சர், குளவிய தொர வளர்க்கலயே."

குளவியைத் துரை வளர்க்கவில்லைதான். ஆனால் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இதைத்தான் இந்த இதழில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். நம் பாட்டன் காலத்துச் சட்டம். விபத்துக்கு யார் குற்றவாளி என்று அது தேடுவதில்லை. வேலையின்போது, அந்த வேலையின் காரணமாக ஏற்பட்ட விபத்தா என்றுதான் பார்க்கிறது. அந்த அக்கா அன்றைக்கு அந்த மலையில் ஏன் நின்றார்? கங்காணி நிரை பிடித்துக் கொடுத்ததால் நின்றார். வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கூடும் இல்லை, அந்தக் கானும் இல்லை.

அடுத்தது, நிர்வாகம் "இல்லை" என்று எழுதிவிட்டால் அது தீர்ப்பு ஆகாது. நட்டஈடு கொடுக்க வேண்டியவர் வேலைகொள்வோர். கொடுக்க வேண்டியவரே கொடுக்க முடியாது என்று சொல்வது அவருடைய பக்கத்துக் கதை மட்டுந்தான். தீர்மானிப்பவர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர். அவருக்கு விண்ணப்பித்தால் இரண்டு பக்கத்தையும் கேட்பார், சாட்சியைக் கேட்பார், வைத்திய அறிக்கையைப் பார்ப்பார். உழைக்கும் சக்தி எத்தனை வீதம் குறைந்தது என்பதை வைத்துத்தான் தொகை வரும். 2022 இல் சட்டம் திருத்தப்பட்டபோது அதிகூடிய தொகை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தும் அதே திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. லொறியிலும் ட்ரக்டரிலும் ஏற்றிச் செல்லப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் கையை வெட்டிக்கொண்டவரும், கவ்வாத்து மலையில் வழுக்கி விழுந்தவரும், பெக்டரியில் விரலைக் கொடுத்தவரும் கேட்டுப் பழகிய பதில்கள் வேறும் உண்டு. "நீ கவனமில்லாமல் இருந்தாய்." கவனக்குறைவு என்ற ஒன்றை மட்டும் வைத்து உரிமை போய்விடாது. குடித்திருந்ததால் நடந்த விபத்து என்றால் கதை வேறு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "நீதான் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்து வைத்தாயே." நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. கையெழுத்து வைத்துவிட்டோமே என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனவர்களும் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று தாங்களாகவே முடிவுகட்ட வேண்டாம்.

இந்த இடத்தில் நம்மையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சில தோட்டங்களில் நமது கமிட்டித் தலைவர்களே ஒப்பீசுக்குப் போய், "பேசி முடிச்சிட்டோம்" என்று சில ஆயிரம் ரூபாயை உதவித்தொகையாக வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் உதவித்தொகை வேறு, நட்டஈடு வேறு. அந்தப் பணம் ஒரு மாதத்து அரிசிக்குக் கூட வரவில்லை. கால் போனது ஆயுளுக்கும்.

அந்த அக்காவின் விடயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு அரைப்பேர். விழுந்த நாளில் மத்தியானம்வரை வேலை செய்ததற்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள். சம்பளச் சீட்டில் அது இருக்கிறது. அன்று அவர் வேலையில் இருந்தார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எதற்கு? தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதிக்கொடுத்த துண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு அரிசிப் பெட்டிக்குமேல் வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் ஒரு துண்டைக்கூடத் தொலைக்கவில்லை. அந்த நிரையில் கூட நின்ற இரண்டு பேர் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்.

ஆகவே யாருக்காவது அடிபட்டால் அன்றைக்கே நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். பிரதியில் திகதி போட்டு ஒப்பீசில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். நிர்வாகம் தன் செலவில் டாக்டரிடம் காட்டச் சொன்னால் போகாமல் இருக்காதீர்கள், அதைக் காரணம் காட்டியே தள்ளிவிடுவார்கள். கோரிக்கைக்குக் காலக்கெடு இருக்கிறது. "கால் ஆறட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடாமல் அந்த மாதத்திலேயே சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

அரசாங்கம் கொடுக்கும் மாற்றுத்திறனாளி கொடுப்பனவு இதோடு சேர்ந்தது அல்ல. அதற்குப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும். அங்கே பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம். ஏன் விடுபட்டது என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். பதிலையும் தமிழில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

அந்த அக்காவின் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பினோம். விசாரணைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. சாட்சி சொல்ல வருகிற இருவருக்கும் அன்றைக்குப் பேர் இல்லாமல் போகும் என்பதால், அந்த நாள் சம்பளத்தைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. பிள்ளையும் அம்மாவோடு போக லீவு கேட்டது. கொடுத்திருக்கிறேன்.