புல் வண்டிச் சித்திரமும் கூலிக்காரன் வயிறும்

இங்கிலாந்தின் கிராம அழகு என்றாலே கலாரசிகர்கள் என்பவர்கள் ஜான் கான்ஸ்டபிள் 1821-ல் தீட்டிய "புல் வண்டி" என்ற சித்திரத்தைத்தான் எடுத்துக் காட்டுகின்றார்கள். லண்டன் தேசிய சித்திரசாலையில் உள்ள அப்படம் காலண்டர்களிலும் அச்சாகி வீடுகளில் தொங்குகின்றது.

அதில் என்ன இருக்கின்றது? சஃபோக் ஜில்லாவில் ஸ்டூர் ஆற்றின் ஆழமில்லாத துறையில் ஒரு வண்டி, கரையில் ஒரு நாய், ஒரு வீடு, மேலே அருமையான மேகம். புல் அறுக்கும் கூலிக்காரன் எங்கே என்று தேடினால், தூரத்து வயலில் எறும்பு போல் சில புள்ளிகள்!

நிற்க, அக்காலத்துக் கூலிக்காரன் நிலைமை என்ன? 1815-ல் நிலச்சுவான்தார்கள் நிறைந்த பார்லிமெண்டு, கோதுமை விலை குவார்ட்டருக்கு 80 ஷில்லிங் ஆகும்வரை அன்னிய கோதுமை விற்பனைக்கு வரக்கூடாது என்று சட்டம் செய்தது. ரொட்டி விலையை இப்படித் தூக்கி நிறுத்தினார்கள். குளிர்காலத்தில் கையால் கதிரடித்துப் பிழைத்தவன் வேலையையோ யந்திரம் பிடுங்கிற்று. படம் காட்சிக்கு வந்த மறுவருஷமே, 1822-ல், அதே சஃபோக்கிலும் பக்கத்து நார்ஃபோக்கிலும் கூலிக்காரர்கள் கதிரடிக்கும் யந்திரங்களை உடைத்தார்கள். 1830-ல் தென் இங்கிலாந்தெங்கும் கலகம் பரவியபோது 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். சுமார் 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அப்படியானால் படத்திலுள்ள அமைதி யாருடைய அமைதி என்று கேட்கின்றோம்.

சித்திரக்காரருக்கு இது தெரியாதா? அவர் தகப்பனார் அவ்வாற்றங்கரையிலேயே மாவு மில்லும் தானிய வியாபாரமும் நடத்தியவர். மகனோ வானத்தைப் பார்த்துப் பார்த்து எழுதி, அதன் பின்புறம் தேதி, மணி, காற்று வரை குறித்து வைத்தவர். மேகத்திற்கு இவ்வளவு மரியாதை. வியர்வை சிந்தினவனுக்கு ஒரு முகம்கூட இல்லை!

"அழகைப் பார்க்குமிடத்தில் கூலிக் கணக்கு எதற்கு?" என்பார்கள். அழகு வேண்டாமென்றோ, அவருக்குத் திறமை இல்லையென்றோ நாம் சொல்லவில்லை. உழைப்பவனை ஒதுக்கிவிட்டு உழைப்பை மட்டும் அழகென்று காட்டுவது, அவனுக்குக் குறை ஒன்றுமில்லை என்று பார்ப்பவனை நம்பச் செய்கின்றது என்றுதான் சொல்லுகின்றோம். வேறுவிதமாய் எழுத முடியாதென்பதும் பொய். பிரான்சில் மில்லே என்பவர் 1857-ல், அறுத்த வயலில் குனிந்து சிந்திய கதிர் பொறுக்கும் மூன்று ஏழைப் பெண்களைப் படத்தின் முன்னால் நிறுத்தினார். உடனே பணக்கார ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஏன்? அங்கே பசி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே, கிராமப் படம் எதைக் கண்டாலும் "என்ன அழகு!" என்பதோடு நின்றுவிடாமல், "இதில் பாடுபடுகிறவன் எங்கே? அவன் அன்றைக்குச் சாப்பிட்டானா?" என்றும் கேட்கப் பழகுங்கள்.