டர்போ அப்புறம், பீக்கன் முதல்ல

மலையில ஸ்னோமொபைல் ஓட்டுறவங்க பலர் கம்பெனி வண்டியை அப்படியே ஓட்டுறதில்லை. கொலராடோ மாதிரி 10,000 அடி உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் சுமார் 30% சக்தியை இழக்கும். அதுக்கு டர்போ. புதைபனியில் மூழ்காம இருக்க 165 அங்குல டிராக்.

தப்பில்லைங்க. ஆனா சக்தி கூடினா இன்னும் செங்குத்தா ஏறத் தோணும். பனிச்சரிவு பெரும்பாலும் நடப்பது 30-45 டிகிரி சரிவுகளில்தான்.

புதைஞ்சவரை 10 நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தா பெரும்பாலும் பிழைச்சுக்குவார். அரை மணி தாண்டினா மூச்சுத்திணறலில் பலர் இறந்திருப்பாங்க. ஹெலிகாப்டர் வரும்வரை உயிர் காத்திருக்காது. காப்பாத்தப் போறது கூட வந்த நண்பர்தான்.

அதனால முதல் செலவு: உடம்போட கட்டிய, சிக்னல் அனுப்பும் பீக்கன். துழாவும் கம்பியும் மண்வாரியும் வண்டியில் இல்ல, முதுகுப் பையில். நண்பருக்கும் இதே மூணும், தேடும் பயிற்சியும் வேணும்.

மிச்சக் காசுல டர்போ போடுங்க.